காசு வாங்கிக்கொண்டு நடக்கும் சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஸ்டெம் செல் (உடம்பின் வேறு வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஆராய்ச்சியின் அறச் சிக்கல்கள் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள். கருவுக்கு எப்போது உயிர் வருகிறது, அதைச் சிதைத்து செல் எடுக்கலாமா, அமெரிக்க அதிபர்களில் புஷ் என்ன சொன்னார், ஒபாமா என்ன செய்தார் எல்லாம் இருந்தது. அன்றைய இதழிலேயே ஏழாம் பக்கத்தில் கால் பக்க அளவுக்கு ஒரு விளம்பரமும் இருந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, பக்கவாதம் எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் சிகிச்சையாம். இலவச ஆலோசனை முகாம் நடக்கும் ஊர்களின் பட்டியலில் திருநெல்வேலியும் இருந்தது. கட்டுரையாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார். நான் இரண்டையும் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே.

நான் பாளையங்கோட்டையில் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். வாடகைக் கட்டடத்தில் இரண்டு அறை, பாய், பந்து, இணைகம்பி, சுவரில் நிலைக்கண்ணாடி. மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு உள்ள பிள்ளைகள் தென்காசி, அம்பை, ஆலங்குளம் பக்கமிருந்து பஸ் ஏறி வருவார்கள்.

கரு பற்றிய விவாதத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து வளர்த்ததிலிருந்து நடக்கிற சண்டை அது. 2001 ஆகஸ்டில் புஷ் இந்த ஆராய்ச்சிக்கான அரசுப் பணத்துக்குக் கட்டுப்பாடு போட்டார், 2009 மார்ச்சில் ஒபாமா அதைத் தளர்த்தினார். இதற்கு நடுவே ஜப்பானில் ஷின்யா யமனாகா 2006இல் எலியின் செல்லையும், அடுத்த ஆண்டு மனிதத் தோலின் செல்லையும் பின்னோக்கித் திருப்பி, கருவிலிருந்து எடுத்ததுபோலவே ஆக்கிக் காட்டினார். 2012இல் அதற்கு நோபல் கிடைத்தது. கருவைத் தொடாமலே வேலை நடக்கும் என்றானதும் பாதிச் சத்தம் அடங்கிவிட்டது. நம் நாட்டில் அந்தச் சத்தம் பெரிதாக எழுந்ததே இல்லை. குழந்தைப்பேறு சிகிச்சையில் மிஞ்சிய கருவை, தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்கு எடுக்கலாம், 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதலில் இருக்கிறது. சரி, அது அப்படியே இருக்கட்டும். என்னிடம் வருகிற எந்தத் தாயும் கருவைப் பற்றிக் கேட்டதில்லை. விளம்பரத்தைக் காட்டி, “அங்க கூட்டிட்டுப் போகலாமா மேடம்?” என்றுதான் கேட்கிறார்கள்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அப்பா டாடா ஏஸ் ஓட்டுகிறார், அம்மா பீடி சுற்றுகிறார். பையனுக்கு ஆறு வயது இருக்கும்போது கூட்டி வந்தார்கள். கெண்டைக்கால் இரண்டும் கல்லுப்போல உருண்டு தடித்திருந்தன. “நல்ல சதை போட்டிருக்கான்” என்று ஆச்சிக்குப் பெருமை. தரையில் உட்காரவைத்து எழச் சொன்னேன். கவிழ்ந்து, பின்பக்கத்தைத் தூக்கி, முழங்காலில் கை வைத்து, தொடையில் கை வைத்து, தன் உடம்பின்மேலேயே ஏறி நிமிர்ந்தான். பாடப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிற அதே எழுச்சி. மரபணுச் சோதனையில் டுஷேன் தசைச் சிதைவு என்று உறுதியானது.

டுஷேனுக்கு இன்றைக்கு நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். ஸ்டீராய்டு மாத்திரை, தசை இறுகிப்போகாமல் தினமும் நீட்டிவிடுவது, இரவில் காலுக்குப் பட்டை, இதயத்தையும் நுரையீரலையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது. பன்னிரண்டு வயதை ஒட்டிப் பெரும்பாலான பையன்கள் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். இதை ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். அவர் அடுத்து எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் போன் செய்யத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அவர்களும் ஸ்டெம் செல் ஊசி போடுகிற ஓர் இடத்துக்குப் போனார்கள். கம்மல், மாட்டல், அப்புறம் மகளிர் குழுக் கடன். மூன்றரை லட்சம். திரும்பி வந்தபோது பளபளப்பான ஒரு ஃபைலைக் கொடுத்தார்கள். நான் அதை வரி வரியாகப் படித்தேன். முதல் நாள் காலை மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்புறத்தில் கனமான ஊசியால் துளைத்து மஜ்ஜையை உறிஞ்சியிருக்கிறார்கள். அதை இயந்திரத்தில் சுழற்றி ஒரு பகுதி செல்களை மட்டும் பிரித்து, அன்று பிற்பகலே கீழ்முதுகில் இன்னொரு ஊசி போட்டு முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீருக்குள் விட்டிருக்கிறார்கள். செலுத்திய செல்கள் எத்தனை, அதில் உயிரோடிருந்தவை எத்தனை சதவீதம் என்றெல்லாம் அச்சடித்த அட்டவணை. பார்க்கப் பெரிய விஞ்ஞானம் மாதிரிதான் இருந்தது. பையனுக்குத் தலைவலியும் வாந்தியும் இரண்டு நாள் இருந்ததாம், அது ஃபைலில் இல்லை, அம்மா சொன்னது.

டுஷேனில் பழுது ஒரு மரபணுவில் இருக்கிறது. டிஸ்ட்ரோபின் என்ற புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணு அது. அந்தப் பழுது அந்தப் பையனின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது, அவன் இடுப்பெலும்பு மஜ்ஜையிலும் இருக்கிறது. அதே செல்லை எடுத்து அவனுக்கே திருப்பிக் கொடுத்தால் இல்லாத புரதம் எங்கிருந்து வரும்? நோய் தொடையிலும் தோளிலும் இருக்க, செல்லை முதுகுத்தண்டு நீரில் விட்டால் அது எப்படித் தசைக்குப் போய்ச் சேரும்? ஃபைலில் இதற்குப் பதில் தேடினேன். ‘நுண்ணிய சூழலை மேம்படுத்தும்’ என்று ஒரு வரி இருந்தது.

அதில் கட்டண ரசீதும் இருந்தது, சம்மதப் படிவமும் இருந்தது. ரசீதில் ‘ஸ்டெம் செல் சிகிச்சை – தொகுப்பு’ என்று போட்டிருக்கிறது. நாலு பக்க ஆங்கிலச் சம்மதப் படிவத்தில், இது இன்னும் ஆய்வு நிலையில் உள்ள முறை, பலனுக்கு உத்தரவாதமில்லை என்று எழுதி, அடியில் அந்த அம்மாவின் தமிழ்க் கையெழுத்தை வாங்கியிருக்கிறார்கள். காசு வாங்கும்போது சிகிச்சை. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் ஆய்வு. ஸ்டெம் செல்லில் அறச் சிக்கல் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2007இல் வழிகாட்டுதல் போட்டு, 2013இலும் 2017இலும் திருத்தின. ரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்கிற மஜ்ஜை மாற்று மாதிரியான, நிரூபணமானவற்றைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லைப் பயன்படுத்துவது ஆராய்ச்சிதான். ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், நாட்டின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு வேண்டும், பங்கேற்கிற நோயாளியிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது. அந்த ஃபைலில் பதிவு எண்ணைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை. ஆட்டிசத்தைப் பொறுத்தவரை இன்னும் நேரடியாகவே சொல்லியாகிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைப் பரிந்துரைக்க முடியாது, அதைச் செய்வதும் விளம்பரப்படுத்துவதும் மருத்துவத் தொழில் ஒழுங்கீனம் என்று சொன்னது. உங்கள் விளம்பரத்தில் முதல் வார்த்தையே ஆட்டிசம்.

பிறகு எப்படி நடக்கிறது என்றால், ஒரு சந்து இருக்கிறது. 2019இல் வந்த புதிய மருந்துகள் விதிகள், செல்லை வெளியே எடுத்துப் பெரிய அளவில் மாற்றி வளர்த்துத் தயாரிப்பதைத்தான் மருந்தாகப் பார்க்கின்றன. ‘நாங்கள் வளர்க்கவில்லை, சும்மா சுழற்றிப் பிரித்து, அவருடையதை அவருக்கே அன்றைக்கே கொடுக்கிறோம், இது மருந்தே இல்லை, அறுவை முறை’ என்று இவர்கள் வாதிடுகிறார்கள். வழிகாட்டுதலை மீறினால் தண்டிக்க அதற்குப் பல்லில்லை. மாநில அளவில் யார் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் குழப்பம்.

அடுத்து ஒன்று. இது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ‘ஊசி போட்ட பிறகு பையன் தேறியிருக்கிறான்’ என்று பெற்றோர் சொல்வது பொய் இல்லை. பல பிள்ளைகளிடம் மாற்றம் தெரியத்தான் செய்கிறது. எதனால் என்பதுதான் கேள்வி. டுஷேன் பையன்கள் ஆறு ஏழு வயது வரைக்கும், நோய் உள்ளே அரித்துக்கொண்டிருந்தாலும், வளர்ச்சியின் வேகத்தில் புதிது புதிதாகச் செய்யக் கற்றுக்கொள்வார்கள். அந்த வயதில் எந்த ஊசி போட்டாலும் பலித்த மாதிரி இருக்கும். மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு இவர்கள் தருகிற தொகுப்பில் ஊசியோடு கூடத் தினமும் பல மணி நேரம் பிசியோ, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் இருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது ‘இதை விடாமல் செய்தால்தான் செல் வேலை செய்யும்’ என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவார்கள். நான் வருடக்கணக்காகக் கெஞ்சியும் பட்டையைக் கட்டாத வீட்டில், மூன்று லட்சம் கொடுத்த பிறகு ஒரு நாள் தவறாமல் கட்டுகிறார்கள்! பிள்ளை தேறாமல் என்ன செய்யும்? ஐப்பசி மழையில் குளத்தங்கரையில் பூசை போட்டுவிட்டு, குளம் பெருகியதற்குத் தட்சணை கேட்கிற கணக்கு இது. இதைப் பிரித்தறியத்தான் ஒரு குழுவுக்கு ஊசியும் பயிற்சியும், இன்னொரு குழுவுக்குப் பயிற்சி மட்டும் என்று வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு வீடியோ போட்டால் அது சினிமா போஸ்டர்.

அந்தப் பையன் தரையிலிருந்து எழும் நேரத்தை நான் ஸ்டாப்வாட்ச்சில் குறித்து வருகிறேன். ஊசிக்குப் பிறகு கொஞ்ச நாள் ஒரு நொடி குறைந்தது. எட்டு மாதம் கழித்து இரட்டிப்பானது. அதற்கு அங்கே சொன்ன பதில்: இரண்டாவது தவணை போட வேண்டும்.

“காசு போனா போகுது தாயி, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைல்லா, போட்டுப் பார்த்தா என்ன தப்பு?” என்று ஆச்சி கேட்டார். இந்தக் கேள்வியைப் படித்தவர்களும் கேட்கிறார்கள், வழியில்லாத நோயாளிக்கு முயன்று பார்க்கிற உரிமை உண்டுதானே என்று. உண்டு. ஆனால் ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னது? அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், பார்வை மங்கிய மூன்று பெண்களுக்கு வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்த செல்களைக் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். அதுவும் காசு வாங்கிக்கொண்டுதான். மூன்று பேருக்கும் இருந்த பார்வையும் மிக மோசமாகக் குறைந்துபோனது. 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. இஸ்ரேலியச் சிறுவன் ஒருவனுக்கு மாஸ்கோவில் வைத்து, கலைந்த கருக்களின் நரம்பு ஸ்டெம் செல்லை மூளையிலும் தண்டுவட நீரிலும் செலுத்தினார்கள். சில ஆண்டு கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி. அந்தக் கட்டி அவனுடைய செல்லிலிருந்து வந்ததல்ல, கொடுத்தவர்களின் செல்லிலிருந்து வந்தது என்று 2009இல் எழுதினார்கள். இதெல்லாம் அபூர்வம் என்றே வைத்துக்கொள்வோம். இன்னொரு இழப்பு அபூர்வமில்லை. டுஷேனுக்கு மரபணு சார்ந்த புதிய ஆய்வுகள் உலகெங்கும் நடக்கின்றன. ஏற்கெனவே ஏதாவது செல் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பல ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. நாளைக்கு உண்மையான கதவு திறக்கும்போது, போலிக் கதவில் நுழைந்ததற்காகவே பிள்ளை வெளியே நிற்கக்கூடும்.

இதைவிட என்னை உறுத்தியது வேறு. அந்த அம்மாவுக்கு ஒரு தங்கை, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டுஷேன் பழுதைப் பெண்கள் தமக்கு ஒன்றும் தெரியாமலே சுமந்து மகன்களுக்குக் கொடுக்கிறார்கள். குடும்பத்தில் ஒரு பையனுக்கு வந்தால் தாயையும் அவரோடு பிறந்த பெண்களையும் சோதித்துச் சொல்வது முதல் கடமை. மூன்றரை லட்ச ரூபாய் ஃபைலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதில் ஒரு சின்னப் பங்கு போதும் அந்தச் சோதனைக்கு.

ஸ்டெம் செல்லே ஏமாற்று வேலை என்று யாரும் இதைப் படித்துவிட்டுச் சொல்லிவிடக் கூடாது. வேலூர் சி.எம்.சி.யில் 1986இல் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கு மஜ்ஜை மாற்று தொடங்கினார்கள். மஜ்ஜை மாற்று என்பதே ரத்த ஸ்டெம் செல் மாற்றுதான், எத்தனையோ பிள்ளைகள் அதனால் பிழைத்திருக்கிறார்கள். அங்கேயே உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தின் மருத்துவர்கள், ரத்தம் சரியாக உறையாத ஹீமோபீலியா கடுமையாக உள்ள 5 பேரின் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, பழுதான மரபணுவுக்குப் பதில் வேலை செய்கிற மரபணுவைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்து, அவர்களுக்கு ரத்தக்கசிவு நின்றதை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். கவனியுங்கள், அவர்களும் நோயாளியின் சொந்தச் செல்லைத்தான் கொடுத்தார்கள், ஆனால் பழுதைச் சரிசெய்து கொடுத்தார்கள். ஐந்து பேர்தான் என்பதையும் மறைக்கவில்லை, அதற்குக் கால் பக்க விளம்பரமும் போடவில்லை. பெங்களூரு நிறுவனம் ஒன்று, கை கால் ரத்தக்குழாய் அடைபடும் பர்ஜர் நோயில் கால் அழுகுவதற்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் ஸ்டெம் செல் மருந்து தயாரித்து, முறையாகச் சோதித்து, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியையும் வாங்கியிருக்கிறது. ஆக, நேர்வழி மூடிக் கிடக்கவில்லை. நாளாகும், அவ்வளவுதான்.

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை, அதிலுள்ள ஸ்டெம் செல்லுக்காகச் சேமித்து வைக்கும் வங்கி பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அந்த விளம்பரமும் உங்களிடம் அடிக்கடி வருகிறது. ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போனாலே பிரசுரத்தோடு ஒருவர் நிற்கிறார். குழந்தை தன் கொடி ரத்தத்தைத் தானே பின்னால் பயன்படுத்த வேண்டி வருவது 2,500இல் ஒருவருக்கோ 2,00,000இல் ஒருவருக்கோதான் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கிறது. தலசீமியா வந்தால் அந்த ரத்தத்திலும் அதே பழுது இருக்கும். வீட்டில் ஏற்கெனவே மஜ்ஜை மாற்று தேவைப்படுகிற மூத்த பிள்ளை இருந்தால் சேமிப்பதில் அர்த்தம் உண்டு. மற்றவர்களுக்கு அது பயத்தின்மேல் கட்டுகிற வருடச் சந்தா. ஸ்டெம் செல்லால் யாருக்காவது உதவ வேண்டும் என்று தோன்றினால், சென்னையில் இருக்கிற தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேட்டில் பெயர் கொடுக்கலாம். கன்னத்தின் உட்பக்கம் பஞ்சால் துடைத்துக் கொடுப்பதோடு பதிவு முடிந்துவிடும்.

உங்களிடம் கேட்க வேண்டியதுக்கு வருகிறேன். 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய வைத்தியங்கள் விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் பக்கவாதமும் மூளை நோய்களும் இருக்கின்றன. அவற்றைக் குணமாக்குவதாகச் சொல்லும் மருந்து விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுப்பவரையும் அந்தச் சட்டம் சேர்த்தே சொல்கிறது. ஸ்டெம் செல் அதில் வருமா வராதா என்று வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். விளம்பரம் கொண்டு வருபவரிடம் உங்கள் அலுவலகம் மூன்று விஷயம் கேட்டால் போதும்: இது ஆய்வா சிகிச்சையா? ஆய்வு என்றால் பதிவு எண் என்ன, நோயாளியிடம் ஏன் பணம் வாங்குகிறீர்கள்? சிகிச்சை என்றால் இந்த நோய்க்கு அனுமதி எங்கே? பதில் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு விளம்பரம் போட்டுக்கொள்ளலாம், ஜவுளிக்கடைக்கா நம் ஊரில் பஞ்சம்?

அப்படியே இன்னொரு ஞாயிறு, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். அங்கே பிறவிக் குறைபாடும் வளர்ச்சித் தாமதமும் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி இலவசம். தசைச் சிதைவு உள்ளவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. என்னிடம் வருகிற குடும்பங்களில் பாதிப் பேருக்கு முகாம் எந்த மண்டபத்தில் என்று தெரிந்திருக்கிறது, இந்தத் தொகைக்கு எங்கே மனு கொடுப்பது என்று தெரியவில்லை.

முகாம் வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது. அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை வெளியிட முடிந்தால் நல்லது. நீளம் கருதி வெட்டினால் என்னைப் பற்றிய வரிகளை வெட்டுங்கள், ரசீதையும் சம்மதப் படிவத்தையும் பற்றிய பத்தியை வெட்ட வேண்டாம். விளம்பரப் பிரிவு ஏதாவது பதில் சொன்னால் அதையும் இதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
பாளையங்கோட்டை.
(பெயர் தங்கள் பார்வைக்கு மட்டும். வெளியிட்டால் அந்தக் குடும்பம் யாரென்று தெரிந்துவிடும்.)